மழை பெய்யாத வருடத்துக் குளவிகள்

பாலர் பள்ளியில் என் மகளிடம் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விடுமுறையில் வீட்டைச் சுற்றிப் பார்த்த பூச்சிகளை வரைய வேண்டும். எறும்பு முடிந்தது, பட்டாம்பூச்சி முடிந்தது. கரப்பானை வேண்டாம் என்று நானே தடுத்தேன். டீச்சர் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்? பிறகு, "அம்மா, குளவி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஜூன் முழுக்க மழை. எங்கள் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் துணி ஒழுங்காகக் காய்ந்து பல நாளாகிறது. ஒரு குளவியைக்கூட நான் பார்க்கவில்லை.

உங்களுக்கே தெரியும், நம் ஊரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வெயில், கூடுதல் வெயில், அவ்வளவுதான். ஆனாலும் இவள் கைக்குழந்தையாக இருந்த வருடத்தைக் கோடை என்றுதான் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் ஒரு சொட்டு மழை இல்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல் பழுத்து, மிதித்தால் நொறுங்கியது. எங்கு பார்த்தாலும் குளவி. மழை அடித்தால் கூடுகள் ஊறி விழுந்துவிடுமாம். அடிக்காவிட்டால் எல்லாக் கூடும் நிலைத்துப் பெருகுமாம். குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கைப்பேசியில் படித்தேன். அந்த நாட்களில் நான் படிக்காத ஆபத்தே இல்லை.

பக்கத்து வீட்டில் மலர் அக்கா. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. தேக்காவில் ஒரு கடையில் ரவிக்கை தைப்பார். இன்றும் புதுத் துணியைப் பிரித்தால், அந்தக் கஞ்சி வாசனையில் எனக்கு அவர் நினைவுதான். மாலையில் வந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் என் மகளைத் தூக்குவார். கழுவும்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கழுவுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஒருநாள் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில், அவர் சன்னலுக்கு மேலே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு மண்கூடு தெரிந்தது.

"கலைச்சிராதே," என்றார் அக்கா, ரகசியம்போல. "குளவி கூடு கட்டுன வீட்ல குழந்தை பொறக்கும்னு சொல்லுவாங்க. நான் நம்பலை லா. இருந்துட்டுப் போகட்டுமே."

"பாப்பாவ கொட்டிருச்சுன்னா?"

"அது பாட்டுக்கு வேலை செய்யுது. உன்னைப் பாத்துத்தான் அது பயப்படணும்."

நம்பவில்லை என்றவர், மறுநாளிலிருந்து கறிவேப்பிலைத் தொட்டிக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். அந்த வறட்சியில் வேறெங்கும் ஈரமண் கிடையாது. குளவி தொட்டியின் ஓரத்தில் இறங்கி, ஓர் உருண்டை மண்ணை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போகும். அக்கா வேலைக்குக் கிளம்பாமல் நின்று பார்ப்பார்.

ஒரு மதியம், மஞ்சள் கோடு போட்ட குளவி ஒன்று என் அறைக்குள் வந்து, தொட்டில் துணியின்மேல் உட்கார்ந்தது. உள்ளே மகள் தூங்குகிறாள். அது தானாகப் பறந்துபோன பிறகு வெளியே ஓடி, மண்கூட்டைப் படமெடுத்து, நகர மன்றச் செயலியில் புகார் அனுப்பினேன். அக்கா வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து, "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். செயலியில் ஒரு வசதி, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அனுப்பிய பிறகுதான் படித்தேன். மஞ்சள் கோட்டுக் குளவி வேறு, மண்கூடு கட்டுவது வேறு. இது தனியாகத் திரியும், லேசில் கொட்டாது. புகாரைத் திரும்பப் பெறும் பொத்தானைத் தேடினேன். கிடைக்கவில்லை. சரியாகத் தேடினேனா என்று இன்றும் சந்தேகம் உண்டு.

மறுநாளே ஊழியர்கள் வந்து சுரண்டி எடுத்துவிட்டார்கள். அக்கா திரும்பி வந்தபோது சுவரில் ஒரு கறைதான் இருந்தது.

"கடைசி வீட்டு அங்கிள்தான்," என்றார். "தொட்டி வழியில இருக்குன்னு போன வருஷமே கம்ப்ளெய்ன் பண்ணவரு. வேற யாரு செய்வா, சொல்லு?"

நான் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். "தெரியலையே, அக்கா."

கடைசி வீட்டில் தனியாக இருந்த சீனப் பெரியவர் அவர். அதுவரை அக்காவின் தீபாவளிப் பலகாரம் முதலில் அவருக்குத்தான் போகும். அதன்பின் அவர் மின்தூக்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றால், அக்கா ஆறு மாடியும் படியிறங்கிப் போவார்.

ஒரு வருடம் கழித்து அக்கா ஆங் மோ கியோவுக்குக் குடிபோனார். குழந்தை பிறக்கவில்லை. கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன? கிளம்பும்போது அங்கிள் இரண்டு ஆரஞ்சுகளோடு வாசலில் நின்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஷீ ஆங்க்ரி வித் மீ, ஆ?" என்று அங்கிள் என்னிடம் கேட்டார். "ஐ டூ வாட்?"

"நோ லா, அங்கிள். ஷீ ரஷிங்."

ஆரஞ்சுகளை என் கையில் வைத்தார், அக்காவிடம் சேர்க்கச் சொல்லி. லாரி இன்னும் கீழேதான் நின்றது. இடுப்பில் குழந்தை இருக்கிறதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவை எங்கள் வீட்டிலேயே சுருங்கிப்போயின.

போன வருடம் அங்கிள் இறந்தார். கீழ்த்தளத்தில் நடந்த சடங்குக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அங்கிள் பேச்சை எடுத்தால் கூட்டின் பேச்சும் வரும்.

மகள் வரைந்து முடித்துத் தூங்கப் போனதும் அக்காவுக்கு எழுதினேன்: "அன்னிக்கு கம்ப்ளெய்ன் பண்ணது நான்தான், அக்கா. அங்கிள் இல்ல." படித்துவிட்டதாக நீலக்குறி காட்டியது. இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலையில் வந்தது.

"உங்கிட்ட அப்புறம் பேசுறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். அங்கிள் வீட்லதானே இருப்பாரு? அவருகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்."

நான் இன்னும் பதில் எழுதவில்லை. கடைசி வீட்டை வாங்கியவர்கள் பழைய தரையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிளின் வாசல் கதவைக்கூட நேற்றே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.