எல்லார் முதுகிலும் பதினாலு

சேவியர் இறந்த செய்தி வந்தபோது நான் கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தேன். ஷிப்மெண்ட் நெருக்கடியில் தூக்கம் கெட்டிருந்த வாரம். எங்கள் கிரிக்கெட் டீமில் ஆடும் சுப்பிரமணிதான் போன் செய்தான். "அண்ணா, நம்ம கேப்டன் போயிட்டாருங்கண்ணா. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வழியிலேயே..." என்றான். நான் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. டீம் அவ்வளவுதான், இனி இந்தக் கூட்டத்தை யார் கட்டி மேய்ப்பது என்றுதான் முதலில் தோன்றியது.

எங்கள் பனியன் கம்பெனி டீமில் ஆடியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தையல் செக்‌ஷனில் லைன் சூப்பர்வைசர். டீமுக்கு விக்கெட் கீப்பர், கேப்டன் இரண்டும் அவர்தான். என் வயதுதான் இருக்கும். திருப்பூருக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவர் பேச்சை விட்டு அவர் ஊர் போகவில்லை. அந்த ஊர் 'வே'யோடு எங்கள் 'ங்க' மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. "என்னங்க வே, மாஸ்டர்!" என்று என்னைக் கூப்பிடுவார். கட்டிங் மாஸ்டர் என்ற என் கெத்தெல்லாம் அந்த ஒரு கூப்பிடலில் போய்விடும்.

அவர் கேப்டன் ஆவதற்கு முன்னால் எங்களுடையது டீமே இல்லை. தெற்கத்திக்காரர்கள் ஒரு கட்சி, உள்ளூர்க்காரர்கள் ஒரு கட்சி. ஒருவன் கேட்ச் விட்டால், "உங்காளு உட்டுட்டானே" என்று நாங்கள் ஆரம்பிப்போம். "உங்காளு பந்து போட்ட லட்சணத்தப் பாரும்" என்று அவர்கள் பதில் சொல்வார்கள். பந்து பவுண்டரிக்கு உருண்டு போய்க்கொண்டிருக்கும். எடுக்க ஆள் இருக்காது. வேகப்பந்து போடும் நான்தான் வாயிலும் வேகம். இப்படி ஒரு டீமைத் தூக்கிச் சுமக்க அந்த மனிதருக்கு என்ன தலையெழுத்து என்று இப்போதும் தோன்றுகிறது.

பனியன் கம்பெனியில் தையல் கோணிய பீஸை செக்கிங் டேபிளில் பிடித்து, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ஆல்ட்டர் என்று பெயர். சேவியர் அதையே கிரவுண்டுக்குக் கொண்டுவந்தார். "லைன் ஓடும்போது எவனும் ஆல்ட்டர் பாக்கக் கூடாது. போன பீஸ் போச்சு வே. கையில இருக்க பீஸைப் பாரும்" என்றார். யாராவது கேட்ச் விட்டால் பந்தை எறியச் சொல்ல மாட்டார். கீப்பர் இடத்திலிருந்து அவனிடம் நடந்தே போய், பந்தைக் கையில் வாங்கி, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வருவார். நேரம் போகிறது என்று அம்பயர் கத்தினாலும் சரி. மேட்ச் முடிந்து பேக்கரியில் டீ வந்த பிறகுதான் ஆல்ட்டர். "இப்பச் சொல்லும், எங்க பிசகுச்சு?" என்று அவனையே கேட்பார். அவன் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. என் வாயை மூடுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தைரியசாலி என்று அவரை நினைத்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் கம்பெனி வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார். வாயைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல டாஸ் போட வருவார். "ஏனுங்க சேவியரு, இத்தனை பயத்தோட எதுக்கு ஆடோணும்?" என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். "பயம் வரத்தான் செய்யும். அது வேண்டாம்னு சண்டை போட்டாத்தான் சீக்கு. அதுக்கும் வேன்ல ஒரு சீட்டு போட்டுருவோம், ஓரமா உக்காந்து வரட்டும்" என்றார்.

பெருமாநல்லூர் டோர்னமெண்டில்தான் சுப்பிரமணியின் பிரச்சினை வந்தது. அங்கே மைக் பிடித்தவர் ஒரு வாயாடி. சுப்பிரமணி ஒரு லட்டு கேட்சை விட்டதும், "ஏழாம் நம்பர் வீரர் கோட்டை விட்டார்! ஏழாம் நம்பர் வீட்டில் சாப்பிடவில்லையா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தவர் மேட்ச் முடியும்வரை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் வேன் வந்தபோது சுப்பிரமணி வரவில்லை. தேடிப் போய்க் கேட்டோம். "எனக்கு இது ஆகாதுங்கண்ணா. பந்து மேல வந்தாவே மைக்குதான் காதுல கேக்குது" என்றான். தங்கமான பையன். அவனை இழந்தால் உள்ளூர்க்காரர்கள் பாதிப்பேர் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சேவியர் அவனைக் கெஞ்சவில்லை. கேன்சலாகிக் கிடந்த ஒரு எக்ஸ்போர்ட் லாட்டிலிருந்து டீ-ஷர்ட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றின் முதுகிலும் பதினாலு. "என்னங்க இது கூத்து? பிரிண்டிங்ல குடுத்து வேற வேற நம்பர் போடலாமுங்களே" என்றேன். "வேண்டாம் மாஸ்டர். இப்ப எவன் கேட்ச் விட்டான்னு மைக்குக்காரன் கண்டுபிடிக்கட்டும் பாப்போம்" என்றார். ஒன்றை சுப்பிரமணியின் மடியில் போட்டார். அவன் சிரித்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்குக்காரர் பட்ட பாடு இருக்கிறதே! "பதினாலு பந்து வீச, பதினாலு கேட்சை விட, பதினாலு ஓடிப் போய் எடுக்கிறார்" என்று அவருக்கே மூச்சு வாங்கியது. எங்களுக்குள் உங்காளு, எங்காளு என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

அவரை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் வேனில் திரும்பினோம். அடுத்த ஞாயிறு அதே பெருமாநல்லூரில் மேட்ச். டீமைக் கலைத்துவிடலாம் என்றேன். உண்மையாகவே உடம்பில் தெம்பில்லை. ஆனால் ஞாயிறு காலை எல்லோரும் பதினாலைப் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்றார்கள். கீப்பர் இடத்துக்கு யார் என்று நான் கேட்கும் முன்பே சுப்பிரமணி, "நான் நிக்கறனுங்கண்ணா" என்றான். வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டும் வந்தான்.

என் ஓவரில்தான் அது நடந்தது. மட்டையில் உரசிய பந்து நேராக அவன் கைக்குப் போனது. விட்டுவிட்டான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எவன்டா அவன் விட்டது?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "பதினாலுதானுங்க!" என்று நான் திரும்பிக் கத்தினேன். சுப்பிரமணி பந்தை எறியக் கையை ஓங்கினான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவனிடம் நடந்து போனேன். அந்தத் தூரம் அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பந்தை வாங்கிக்கொண்டு தோளில் தட்டினேன்.

"போன பீஸ் போச்சு வே" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து திருப்பூர்ப் பேச்சைத் தாண்டாத என் வாயில் அந்த 'வே' எப்போது வந்து ஒட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. சேவியர் எனக்கென்று விட்டுப்போனது அதுதான். அதை வைத்துக்கொண்டு திரும்பி நடந்து அடுத்த பந்தைப் போட்டேன்.