மூத்த ராணியின் பாட்டு

வண்டி துடைக்க எடுத்த சிவப்புப் பனியன் வேஸ்ட் துணியில் சாய வாடை அடித்தது. கை நின்றுவிட்டது.

இருபது வருடத்துக்கு முன், பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நான் ராஜாவின் மூத்த மனைவி. தான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட சிவப்புத் துணியில் அம்மாதான் பாவாடை தைத்தாள். ராஜா இளையவளைக் கட்டியதும் மூத்தவள் அழுது பாட வேண்டும். "வரிகளை நீயே எழுது" என்றார் டீச்சர். வேலம்பாளையத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த அப்பாவிடம் அம்மா அழுதுகொண்டே கேட்டதையெல்லாம், கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அப்படியே பாடினேன்.

"ஏனுங்க, எங்கிட்ட என்னங்க கொறச்சல்?"

கைதட்டினார்கள். கம்பெனிப் பெண்கள் மட்டும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்துகொண்டாள்.

பஸ்ஸில், "நல்லாப் பாடுன கண்ணு" என்றாள்.

துணியைக் கீழே வைத்தேன். அந்த நாளுக்குப் பிறகு அம்மா அழுது நான் கேட்டதேயில்லை.