பிளாஸ்திரி ஒட்டிய திரை

பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து, தொலைக்காட்சியின் வலது கீழ் மூலையில் ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை நீவிவிட்ட பிறகுதான் நர்சம்மா ஆட உட்காருவார். அந்த மூலையில்தான் 'வாங்கு' என்ற பொத்தான் ஓயாமல் கண்ணடிக்கும். "திறந்து போட்டாத்தான் அரிக்கும். மூடிட்டா தானா ஆறிடும்" என்பார்.

நாற்பத்து மூன்று வயது. பகலெல்லாம் மருத்துவமனையில் கட்டுப் போடும் கை. சாயங்காலம் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் துளி நடுங்காது. கடையில் விளையாட்டு சிடி வாங்கி ஆடியவர்தான். விலை ஏற ஏற விட்டுவிட்டார். "முழு விலை குடுத்து உள்ள போனா, கதவுக்குக் கதவு டோல்கேட் போட்டிருக்கான். நான் ஆட வந்தேனா, லாரி ஓட்ட வந்தேனா?"

இப்போது ஆடுவது இலவசத் துப்பாக்கி ஆட்டம். இருவர் இருவராக நூறு பேர் ஒரு தீவில் இறங்க, கடைசியில் நிற்கும் அணிக்கு வெற்றி. நர்சம்மாவின் வீராங்கனைக்கு ஆட்டமே தரும் சாம்பல் பனியன்தான், இரண்டு வருடமாக. பக்கத்தில் கைபேசியோடு உட்காரும் நாத்தனாருக்கோ முதுகில் தங்கச் சிறகு. அவள் வாங்கிய மறுமாதமே அதன் விலை ஏறியதில் அவளுக்குத் தனிப் பெருமை.

"அண்ணி, உங்க கூட நடந்து வரவே வெக்கமா இருக்கு."

"சிறகை வெச்சுக்கிட்டு நீ எங்கடி பறந்தே? போன ஆட்டத்துல முதல்ல விழுந்தது யாரு?"

அன்று போட்டிப் பருவத்தின் கடைசி நாள். ஒரே ஒரு வெற்றி கிடைத்தால் நர்சம்மா முதல் நூறு பேர் பட்டியலில் ஏறிவிடுவார். காலணா செலவில்லாமல் ஏறிக் காட்டுகிறேன் என்று வார்டு முழுக்கச் சவால் விட்டிருந்தார். ஏழு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். மணி ஆறே முக்கால்.

ஆட்டம் தொடங்கியதும், இடது மேல் மூலையில் வழக்கமாக இருக்கும், எதிரிகளைக் காட்டும் வரைபடத்தைக் காணோம். அங்கே ஒரு 'வாங்கு' மினுக்கியது. "படுபாவி, வரைபடத்தையும் விக்க ஆரம்பிச்சுட்டான்" என்று முணுமுணுத்தவர், அது இல்லாமலே வீராப்பாக ஆடினார். எதிரி ஒருவன் மட்டும் மிச்சமிருந்தபோது முதுகில் குண்டு பாய்ந்தது. சாம்பல் பனியன் சாய்ந்தது.

"எங்கேருந்துடி வந்தான்?"

"வரைபடத்துல சிவப்பா தெரிஞ்சானே! எனக்கெல்லாம் வலது கீழ் மூலையில..." நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ அண்ணி, உங்க பிளாஸ்திரி!"

காலையில்தான் கம்பெனிக்காரன் இரண்டையும் இடம் மாற்றியிருந்தான். நர்சம்மா பிளாஸ்திரியைப் பிய்த்தார். அடியில் வரைபடம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. விழுந்தவர் எழ இருபது விநாடிதான் அவகாசம்; அதற்குள் கூட்டாளி வந்து கட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும்.

"நான் ஒரு தட்டு தட்டினா உடனே எழுந்துக்கலாம். பிறந்தநாள் பரிசுன்னு வெச்சுக்கோங்க!"

"தட்டினே, அந்த விரல்லயே ஊசி குத்துவேன். நேர்ல வந்து கட்டுப் போடு!"

நாத்தனார் பாறைக்குப் பின்னாலிருந்து தலைநீட்டியதுமே குண்டுகள் பறந்து வந்தன. தங்கம் அரை மைலுக்கு மின்னியது. பதினோரு விநாடிதான் மிச்சம். உதட்டைக் கடித்துக்கொண்டு 'கழற்று' பொத்தானை அழுத்தினாள். சிறகு மறைந்தது. சாம்பல் மணலில் இன்னொரு சாம்பல் பனியன் ஊர்ந்தது. எதிரி இன்னும் தங்கத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

"இடது பக்கமா வா... அவன் அந்தப் பக்கம் திரும்பிட்டான்... சுத்து, இறுக்காத... அப்படித்தான்டி என் ராசாத்தி!"

"குக்கர் எத்தனை விசில் அடிச்சுது? யாராவது எண்ணினீங்களா?" சமையலறையிலிருந்து கணவர் கத்தினார். யாருக்குக் காது கேட்டது!

நர்சம்மா எழுந்தார். திரும்பினார். ஒரே குண்டு.

வீடு அதிர்ந்த சத்தத்தில் கணவர் கரண்டியோடு ஓடி வந்தார். பட்டியலில் தொண்ணூற்று எட்டாவது இடம். நர்சம்மா அவரையும் கரண்டியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.

திரையின் இடது மேல் மூலையில், 'வென்றவருக்கு மட்டும் பாதி விலை!' என்று புதிதாக ஒன்று கண்ணடித்தது.

நாத்தனார் எழுந்தாள். பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து, அதன்மேல் ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை நீவிவிட்டாள்.