எண்ணிக்கையில் வராத மேல் லயம்

நுவரெலியாவில் நான் வேலை பார்த்த அலுவலகம், ஒரு முஸ்லிம் பெரியவரின் புத்தகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறைகள், மூன்று பழைய கணினிகள், எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஒரு சுவர். மண்சரிவு ஆபத்துள்ள தேயிலைத் தோட்டங்களில் குடும்பங்களின் விபரம் எடுத்து, அதைக் கோப்பாக்கி, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொடுப்பது எங்கள் வேலை. யாருக்கு வேறு இடத்தில் காணியும் வீடும் கொடுப்பது என்பதை அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் அங்கே முடிவு செய்வார்கள்.

நான் உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஹட்டனில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் படித்தேன். அங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டது சி என்ற கணினி மொழி ஒன்றுதான். அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. பிறகு இந்த அலுவலகத்தில் கோப்பைச் செய்துகொண்டிருந்த வரைபட மென்பொருளின் உரிமக் காலம் முடிந்து, புதுப்பிக்க வழியில்லாமல் நின்றபோது, என்னைக் கூப்பிட்டார்கள்.

கச்சேரியில் ஏற்றுக்கொள்வது ஒரு பழைய வகைக் கோப்பு. ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே நீளம். பெயருக்கு இத்தனை எழுத்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் இலக்கத்துக்கு இத்தனை, அதில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவின் இலக்கத்துக்கு இத்தனை என்று இடம் முன்பே அளந்து வைக்கப்பட்டிருக்கும். தமிழில் எழுதினால் பெயர் பாதியில் அறுந்துபோகும் என்பதால் ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். அந்த வகைக் கோப்பில் எழுதவும் வாசிக்கவும் யாரோ ஒருவர் சி மொழியில் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த ஒரு நிரல் தொகுப்பு கிடைத்தது. அதை வைத்து நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். கோப்பைத் திறக்கும், கேள்வி கேட்கும், நாம் அடிப்பதைக் கோப்பின் கடைசியில் ஒரு புதிய பதிவாகச் சேர்க்கும், "சேர்த்தாயிற்று" என்று திரையில் சொல்லும். வேலையெல்லாம் முடிந்து நிரலை விட்டு வெளியே வரும்போது கோப்பை மூடும். எழுதிய அன்று எனக்குக் கர்வமாகவே இருந்தது. அலுவலகப் பொறுப்பாளரான சேர், அங்கே வேலை பார்த்த மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஏறினால் வரும் ஒரு தோட்டத்தில், எங்களுக்காக விபரம் எடுத்தவர் அங்கேயே முன்பள்ளி நடத்திய ஓர் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அந்தத் தோட்டத்தில் மேல் லயத்துக்குப் பின்னால் ஒரு மழைக்குப் பிறகு நிலம் வெடித்திருந்தது. கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அரசாங்க ஆட்கள் வந்து பார்த்து, அந்த லயத்தைச் சிவப்பில் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்துநான்கு காம்பரா, இருபத்துநான்கு குடும்பம். அக்காவும் அவருடைய அம்மாவும் அதில் கடைசிக் காம்பராவில் இருந்தார்கள்.

கீழ் லயங்களின் படிவங்களை அக்கா முன்பே அனுப்பிவிட்டார். மேல் லயத்தின் படிவங்களை மட்டும் தபாலில் போட மனம் வராமல், சுவெட்டருக்குள் பொத்தி, தானே கொண்டுவந்தார். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். நான் அடித்தேன். ஒரு வீட்டில் வயதை மாற்றிச் சொல்லியிருந்தார்கள், இன்னொரு வீட்டில் அடையாள அட்டை இல்லை. எல்லாவற்றையும் அவரே விளக்கினார். தன்னுடைய படிவத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தார்.

"நம்மளத கடைசியில போடுங்க தங்கச்சி. இல்லாட்டி மொதல்ல தன்னோட பேர போட்டுக்கிட்டான்னு சொல்லுவாங்க."

அவருடைய பதிவை அடித்து முடித்து, "சேர்த்தாயிற்று" என்று திரையில் வந்த கையோடு கரண்ட் போனது. தினமும் மின்வெட்டு இருந்த காலம் அது. கணினிக்கு வைத்திருந்த பற்றரி செத்து மாதக் கணக்கானது. இருட்டில் எல்லோரும் சிரித்தோம்.

"எல்லாம் ஏறிருச்சா?" என்று அக்கா கேட்டார்.

"ஏறிருச்சுக்கா."

நானுஓயாவில் ரயிலைப் பிடிக்க அவர் அவசரமாக இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் சேர் கோப்பைக் கச்சேரிக்குக் கொண்டுபோகத் தயாராக நின்றார். "கடைசி லயம் சேர்ந்திருச்சுதானே?" என்று கேட்டார். நான் கோப்பின் அளவைப் பார்த்தேன். முந்தைய நாளைவிடக் கூடியிருந்தது. "சேர்ந்திருச்சுங்க சேர்" என்றேன். திறந்து எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை அது.

நாலைந்து மாதம் கழித்து, காணி கிடைப்பவர்களின் பட்டியலை, அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டினார்கள். அன்று அக்கா போன் எடுத்தார்.

"தங்கச்சி, மேல் லயமே இல்லங்களே. கீழ எல்லாருக்கும் வந்திருக்கு. எங்க லயத்துல ஒரு பேருகூட இல்ல."

"வேற தாள்ல இருக்கும்கா. நல்லா பாருங்க."

"மூணு தடவ பாத்துட்டேன்."

எங்கள் பிரதியைத் திறந்தேன். கீழ் லயங்கள் இருந்தன. அதோடு முடிந்தது. ஆனால் கோப்பின் அளவு அதற்கு மேலே இருந்தது. உள்ளே இருப்பதை எழுத்து எழுத்தாகக் காட்டும் நிரலில் அதைத் திறந்து கீழே போய்ப் பார்த்தேன். மேல் லயத்துப் பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே இருந்தன. வயது, காம்பரா இலக்கம், எத்தனை பிள்ளைகள், எல்லாம் சரியாக இருந்தன.

நடந்தது இதுதான். இந்த வகைக் கோப்பின் தொடக்கத்தில், மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற ஓர் எண் இருக்கும். வாசிக்கிறவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் வாசிப்பார்கள். அதுவரை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நான் எடுத்த நிரல் தொகுப்பு, புதிய பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போனாலும், அந்த எண்ணைக் கோப்பை மூடும்போதுதான் திருத்தும். அன்று கரண்ட் போனதால் கோப்பு மூடப்படவே இல்லை. அதன் குறிப்பில் இது ஒரே வரியில் எழுதியிருந்தது. அந்த வரியை நான் வாசித்திருக்கிறேன்.

கோப்பின் கடைசியில் அப்படிக் கிடந்ததும் இருபத்துமூன்று பெயர்கள்தான். கடைசியாக அடித்த பதிவை, அடுத்தது வரும்வரை அந்தத் தொகுப்பு நினைவில் மட்டும் வைத்திருக்கும். அக்காவின் வீடு கோப்பிலேயே இல்லை.

கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்து எண்ணைத் திருத்தினேன். அலுமாரியில் இருந்த படிவத்தை எடுத்து அக்காவின் பதிவை மறுபடி அடித்தேன். கோப்பை மூடி, திறந்து, எண்ணினேன். எல்லாம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சேரிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவைத் திருகிக்கொண்டே, "நான் ஒப்பம் வச்சுக் குடுத்துட்டேனே புள்ள" என்றார். இரண்டு பேரும் கச்சேரிக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பெயர்கள் அன்றே உள்ளே இருந்தன, எண்ணில்தான் பிழை என்று விளக்கினேன். "லிஸ்ட் எக்க தேன் வஹலா, நங்கி" என்றார். பட்டியலை மூடிவிட்டார்களாம். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம், ஒரு கடிதம் தாருங்கள் என்றார். திருத்திய கோப்பை வாங்கி மேசை லாச்சியில் போட்டார். அதில் அதுபோல இன்னும் நாலைந்து கிடந்தன. கடிதம் கொடுத்தோம். பிறகு நினைவூட்டி இரண்டு கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அதற்குள் தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரிப் போய்விட்டிருந்தது. படிவம் எழுதியவர் அக்கா. விடுபட்டது அவருடைய லயம். கீழ் லயத்துத் தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் எதையோ வாங்கிக்கொண்டு அவர்தான் மறைத்துவிட்டார் என்று சொன்னார்கள். இது தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஏறிப் போனேன். பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

மேல் லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். பெரும்பாலும் பெண்கள். அக்கா தன் காம்பராக் கதவில் சாய்ந்து நின்றார். நான் கரண்ட் போனதைச் சொன்னேன், எண்ணைச் சொன்னேன், முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

விறகுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டே ஒரு பெண் கேட்டார், "பேரு உள்ள இருக்கு, ஆனா அவங்களுக்குத் தெரியலங்கிறீங்க. அப்புடித்தானே?"

"ஆமாங்க."

"மிசினு இருவத்திநாலு வீட்ட மட்டும் பாத்து மறக்குமா? அதும் எங்க லயத்த மட்டும்?"

"கடைசியா போட்டதுங்க அது. அதனாலதான்."

"ஏன் கடைசியா போட்டீங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் அக்காவைக் குறித்துச் சொன்னது, "இவங்க பேரும் இல்லதானே. டவுன்ல வேற எடம் ஒதுக்கியிருப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்து கத சொல்லுறாங்க."

"சத்தியமா இல்லங்க" என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிறவளின் குரல்போலக் கேட்டது.

"சரி, இப்ப திருத்திட்டீங்கதானே. எப்ப பேரு வரும்?" என்று முதலில் பேசியவரே கேட்டார்.

பட்டியலை மூடிவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

என்னை இறக்கிவிட அக்கா பாதி வழிவரை வந்தார். தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்கினோம்.

"நானுந்தான் பாத்தேன் தங்கச்சி. ஏறிருச்சுன்னுதான் இருந்துச்சு" என்றார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

ஒரு வடிகாலைத் தாண்ட எனக்குக் கை கொடுத்தார். பிறகு, "நீங்க வராம இருந்திருக்கலாம்" என்றார். "ஆபீஸ்ல ஏதோ தவறு, திருத்துறாங்க, வந்துரும்னு சொல்லி வச்சிருந்தேன். பாதிப் பேராவது அத நம்புனாங்க. இனி என்னாத்த சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னார்.

அதன் பிறகு மேல் லயத்தார் அவருடைய முன்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. கீழேயும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். அடுத்த வருடம் அக்கா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போகும்போது எனக்குச் சொல்லவில்லை. அவருடைய பழைய இலக்கத்துக்கு இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன், பாவனையில் இல்லை என்றது.

மேல் லயம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெடிப்பில் களிமண்ணை அடைத்து, மேலே பிளாஸ்டிக் விரித்திருக்கிறார்கள். பெரிய மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கி, மழை விட்டதும் ஏறிப் போகிறார்கள். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் நான் போனில் செய்தி பார்க்கிறேன்.

சேர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிரலில் ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு கோப்பை மூடித் திறக்கும்படி மாற்றினேன். இனி கரண்ட் போனாலும் எதுவும் விடுபடாது. அதனால் யாருக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கட்டம் என்று அவர்கள் சொன்னது போன மாசியில் உண்மையாகவே வந்தது. பழைய விபரம் செல்லாது, புதிதாகப் படிவம் எடுக்க வேண்டும் என்றார்கள். சேர் வேறொருவரை அனுப்பலாம் என்றார். நானே போகிறேன் என்றேன். மேல் லயத்தில் முதல் காம்பராவில் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவதில் ஒருவர் படிவத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இப்படியே கடைசிக் காம்பரா வரை போனேன். அக்காவின் அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காரச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"எழுதாதீங்கம்மா" என்றார். "எழுதுனா திரும்பவும் காத்துக்கிட்டு இருக்கணும்."

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.