இரண்டு ஏணிகளும் வேண்டும்

டிஷ் பூட்டும் தொழிலில் இருப்பவனுக்கு ஊரில் எல்லாருடைய கூரையும் தெரியும். ஆனால் எந்த வீட்டிலும் ஆறுதலாக இருந்து ஒரு நாடகத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டான். படம் ஒழுங்காக வந்தால் எங்களை ஒருவரும் நினைப்பதில்லை. கதாநாயகி அழத் தொடங்குகிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரேயடியாக எங்களை நினைப்பார்கள். நீங்களும் கையில் ரிமோட்டோடு 'சிக்னல் இல்லை' என்ற நீலத் திரையை வெறித்துப் பார்த்தவர்கள்தானே! திரைக்கு முன்னால் இருந்து நீங்கள் பட்டதைக் கூரைக்கு மேலே நின்று நானும் பட்டிருக்கிறேன். அந்த உறவில்தான் இதைச் சொல்கிறேன்.

நான் இருப்பது இணுவிலில். எங்கள் பகுதிக்கு சற்லைற் ரிவி தருகிறவை இரண்டு கொம்பனிகள், ஒன்று பெரியது, மற்றது சின்னது. பெயர்கள் எதற்கு? சின்னதுக்கு நான் முகவர். பெரியதுக்கு முகவர் அச்சுவேலி அருமைநாயகம் அண்ணை. எங்கள் கொம்பனியின் டிஷ் மேற்கே பார்க்கும், அவருடையது கிழக்கே பார்க்கும். ஒழுங்கையால் போகும்போதே எந்த வீடு என்னுடையது, எந்த வீடு அவருடையது என்று சொல்லிவிடலாம்.

கிழக்கு பார்த்தால்தான் யோகம்

இணுவிலில் ஒருவர் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தார். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய பெரிய ரிவி சுவரில் ஏறிவிட்டது. டிஷ் பூட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நான் மொட்டைமாடிக்கு ஏறி, இடம் பார்த்து, துளையும் போட்டுவிட்டேன். அப்போதுதான் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். வாசல் கிழக்கு, சுவாமியறை கிழக்கு, அடுப்பும் கிழக்கு, எல்லாம் வாஸ்து பார்த்துக் கட்டியதாம். டிஷ் மட்டும் மேற்கே பார்த்தால் வீட்டின் யோகம் அதன் வழியாகப் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

எங்கள் கொம்பனியின் சற்லைற் மேற்குப் பக்க வானத்தில்தான் நிற்கிறது, கிழக்கே திருப்பினால் காகம்தான் தெரியும் என்று பணிவாகச் சொன்னேன். அவர் நன்றாக யோசித்தார். அருமைநாயகம் அண்ணையின் டிஷ் கிழக்கே பார்க்கும் என்று நானே சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? கடைசியில் அவர் என் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, உங்கடை கொம்பனிக்காரரிட்டைக் கதைச்சு அந்தச் சற்லைற்றை ஒருக்காக் கிழக்காலை கொண்டுவந்து விடச் சொல்லேலாதோ?"

படம் வந்த பிறகு தேத்தண்ணி

புஸ்பமலர் ரீச்சர் என் வாடிக்கையாளர், வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறவர். வகுப்பு நடக்கும்போது ரிவி ஓட வேண்டும். ரிவி ஓடினால்தான் பிள்ளைகளின் கை ஓடும் என்பது அவருடைய கொள்கை. இன்னொரு கொள்கையும் உண்டு. திருத்த வருகிறவனுக்குப் படம் வந்த பிறகுதான் தேத்தண்ணி. அதுவரை சொம்பில் கிணற்றுத் தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. என் வீடுகளில் படம் நின்றால் சனம் எனக்கும் போன் எடுக்கும், அருமைநாயகம் அண்ணைக்கும் போன் எடுக்கும். நான் முதலில் போனால் பழுதைத் திருத்துவேன். அவர் முதலில் போனால் தன்னுடைய கொம்பனிக்கு மாற்றிவிடுவார். அவருடைய வீடுகளில் படம் நின்றால் இதே விளையாட்டு மறுபக்கமாக நடக்கும். எந்த ஏணி முதலில் சுவரில் சாய்கிறதோ அந்த வீடு அந்த ஏணிக்கு. ஒருநாள் ரீச்சர் வீட்டு வாசல் படலையில் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒன்றாக வந்து நின்றன. இரண்டு ஏணிகளும் ஒரே சுவரில் சாய்ந்தன. அண்ணை தன் கொம்பனியின் புது செற்-ரொப் பெட்டியும் கையுமாக ஏறினார், நான் பழைய வயரைத் தடவிக்கொண்டு ஏறினேன். அணில் கடித்த இடம் என் கையில் அகப்பட, அவர் தன்னுடைய டிஷ்ஷுக்கு முதல் ஆணி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் வயரை ஒட்டவும் உள்ளே பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். படம் வந்துவிட்டது.

எனக்குத் தேத்தண்ணி வந்தது. அண்ணைக்குச் சொம்பு வந்தது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏணியை மடக்கினார். எனக்குப் பாவமாகி, அவருக்கும் ஒரு வாய் கொடுக்கலாமே என்று கேட்டேன். ரீச்சர் தையல் மெசினில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "குடுக்கலாம். ஆனாப் பேந்து அடுத்தமுறை ரெண்டு பேரும் ஆடியாடித்தான் வருவியள்."

காங்கேசன்துறைக் கூரையில்

கெட்ட செய்தி எனக்கு ஒரு கூரையில் வைத்துத்தான் கிடைத்தது. காங்கேசன்துறையில் சுகிர்தா என்ற பிள்ளையின் வீடு, கணவன் துறைமுகத்தில் வேலை. கடல் உப்பு ஆணிகளை எல்லாம் தின்றிருந்தது. நான் மேலே நின்று துருவைச் சுரண்ட, சுகிர்தா கீழே நின்று தன் போனில் செய்தியை உரக்க வாசித்தார். பெரிய கொம்பனி சின்னக் கொம்பனியை வாங்கப் போகிறது. ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் சம்மதித்தால் இனி இரண்டும் ஒன்று.

கூரையில் குந்திவிட்டேன். ஒரு கொம்பனி என்றால் ஒரு பகுதிக்கு ஒரு முகவர்தான். அது அருமைநாயகம் அண்ணையாகத்தான் இருக்கும். நான் இந்த ஏணியைக் கொண்டுபோய் மாங்காய் பிடுங்க வேண்டியதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது. மனைவிக்கு இதை எப்படிச் சொல்வது என்ற யோசனையில் கையில் இருந்த ஆணியும் கீழே விழுந்துவிட்டது. ஏன் இப்படி முழிக்கிறீர்கள், இது உங்களுக்குத் தெரியாதா என்று சுகிர்தா கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஆணியைப் பொறுக்கி நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஊருக்கெல்லாம் ரிவி பூட்டுறியள் அண்ணை, நீங்கள் ஒருநாளும் செய்தி பாக்கிறேல்லையோ?"

போட்டிக்காரர் வீட்டுக்கு வந்தார்

அந்த ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகம் அண்ணை தேவாலயம் முடிந்த கையோடு, வெள்ளைச் சேட்டோடு என் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடப் போட்டியில் அவர் என் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. வெற்றியைச் சொல்லிக் காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டேன். மனைவி தேத்தண்ணி வைக்கப் போனா. எங்கள் வீட்டில் படம் வரும்வரை காத்திருக்கும் வழக்கம் இல்லை.

அண்ணையின் முகத்தில் வெற்றி இல்லை. அவர் வந்தது தன் பயத்தைச் சொல்ல. இன்றைக்கு அவர் வயர் கேட்டால் அவருடைய கொம்பனி நாளைக்கே அனுப்புகிறது. பழுதான பெட்டியை ஒரு சொல் கேட்காமல் மாற்றித் தருகிறது. இல்லாவிட்டால் சனம் என் பக்கம் வந்துவிடும் என்று கொம்பனிக்குத் தெரியும். போட்டிக்கு நான் இல்லாத ஊரில் கொம்பனி ஏன் அவசரப்பட வேண்டும்? சனத்தின் ஏச்சு முழுவதும் தன் ஒருவன் தலையில்தான் விழும் என்றார். கொழும்பில் இருந்து அதிகாரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் போய்க் கதைப்போமா என்று கேட்டேன். "எங்கடை கதை வயித்துப்பாடு எண்டு தள்ளிப்போடுவினம், தம்பி. காசு கட்டிற சனம் வந்து கதைக்க வேணும். நான் கிழக்காலை பாக்கிற வீடெல்லாம் போய்க் கேக்கிறன், நீர் மேற்காலை பாக்கிற வீடெல்லாம் கேளும்."

பெட்டியோடு வந்த நடராசா அண்ணர்

படலை படலையாகப் போய்க் கேட்டேன். பழுது திருத்தப் போகும்போது நிமிர்ந்து போகிறவனுக்கு, உதவி கேட்டுப் போகும்போது முதுகு தானாக வளைகிறது. என்றாலும் கருத்துக் கேட்கும் நாளன்று யாழ்ப்பாண மண்டபத்துக்குப் போகப் பிடித்த வான் வண்டி நிரம்பி வழிந்தது. வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவதை அரைவாசியில் விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் நடராசா அண்ணர். கொழும்பில் இருந்து ரிவி சம்பந்தமாகப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று நான் சொன்னதை அவர் தன் பாட்டில் விளங்கிக்கொண்டார். வீட்டு ரிவியில் இருந்து பெட்டியைக் கழற்றி, துவாயில் சுற்றி, ரிமோட்டையும் மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார், பெரிய ஆட்களிடமே நேரில் காட்டித் திருத்தலாம் என்று. மண்டபத்தில் அவருடைய முறை வந்ததும் பெட்டியை அதிகாரிகளின் மேசையில் வைத்துத் துவாயை அவிழ்த்தார். எனக்கு மண்டபத்தின் சுவருக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. மொழிபெயர்க்க இருந்த பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது திருத்துகிற இடம் இல்லை ஐயா என்று விளக்கினாள். கொம்பனிகள் ஒன்றாவதைப் பற்றித்தான் இங்கே கதை என்றாள். நடராசா அண்ணர் பெட்டியைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார். கொஞ்சமும் கூச்சப்படாமல் துவாயை மறுபடி சுற்றிக்கொண்டே கேட்டார்: "அது சரி, ஒண்டான பிறகு இது பழுதாப்போனால் நான் ஆரைக் காட்டி ஆரை வெருட்டுறது?"

ரீச்சர் தந்த சான்றிதழ்

அடுத்து புஸ்பமலர் ரீச்சர் எழும்பினார். கஞ்சி போட்ட சேலை, கையில் குடை. எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. எத்தனை வருட வாடிக்கையாளர்! மழையில் போயிருக்கிறேன், திருவிழா நாளில் போயிருக்கிறேன். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் விடுவாரா? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, சேட்டுக் கொலரையும் சரிசெய்துகொண்டேன்.

சின்னக் கொம்பனியின் சேவை எப்படி என்று அதிகாரி கேட்டார். நல்ல சேவை, போன் எடுத்தால் அரைமணித்தியாலத்தில் ஆள் வந்து நிற்கும் என்றார் ரீச்சர். பெரிய கொம்பனி எப்படி என்று கேட்டார். அதுவும் அப்படித்தான், அரைமணித்தியாலம் என்றார். அப்படியானால் இரண்டு முகவர்களுமே கடமையுணர்வு உள்ளவர்கள் என்று எழுதிக்கொள்ளலாமா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். நானும், மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் இருந்த அருமைநாயகம் அண்ணையும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து புன்னகைத்தோம். ரீச்சர் குடையால் முதலில் என்னையும் பிறகு அவரையும் சுட்டிக் காட்டினார். "உவர் நல்லவர், அவர் வந்திடுவார் எண்ட பயத்திலை. அவர் நல்லவர், உவர் வந்திடுவார் எண்ட பயத்திலை. ஒராளை எடுத்துப்போட்டியள் எண்டால் மற்றவரும் கெட்டுப்போவார் ஐயா, தயவுசெய்து ரெண்டு பேரையும் எங்களுக்கு விட்டுவையுங்கோ."

இரண்டு கோப்பை

அதிகாரிகள் வேறு ஊர்களிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறார்கள். சில மாதம் கழித்து முடிவு வந்தது: கொம்பனிகள் ஒன்றாவதற்குச் சம்மதம் இல்லை. இந்த முறை செய்தியை நான் ரிவியிலேயே பார்த்தேன், அதுவும் என் வீட்டில் உட்கார்ந்து, முழுதாக. மனைவி என்னைப் பார்த்தா, நான் அவவைப் பார்த்தேன். கண் கலங்கியதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மாறுவதை விட்டு வந்தவர்களும், தையலை விட்டு வந்தவர்களும், பெட்டியைச் சுமந்து வந்தவரும் சேர்ந்து என் ஏணியை எனக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அந்த நன்றிக்கு நான் என்ன செய்வேன்? போன் எடுத்த உடனே போவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

மறுநாளே ரீச்சர் போன் எடுத்தார், படம் நின்றுவிட்டது என்று. பறந்து போனேன். படலையில் அருமைநாயகம் அண்ணையின் மோட்டார் சைக்கிளும் அப்போதுதான் வந்து நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராததுபோல ஏணிகளை இறக்கி ஓடினோம். உள்ளே ரிவி பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பழுதும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளைகள் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மேசையில் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஆவி பறந்தது. ரீச்சர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "பரவாயில்லை, ரெண்டு பேரும் இன்னும் கெட்டுப்போகேல்லை. இருந்து குடியுங்கோ."

இத்தனை காலமும் எனக்கு ஊரில் இருந்த நல்ல பெயர் என்னுடைய உழைப்பால் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அது அச்சுவேலியில் இருந்து மோட்டார் சைக்கிளில், பின்னால் ஏணி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.