ஒரு பக்கம் சப்பையான வட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை எனக்கு. ராஜபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்ததும், கிருமி வளர்த்த தட்டுகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேஜையில் வைப்பேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். வாய்விட்டுப் பேச எப்போதும் கூச்சம்.

அன்று மேஜைக்கு வந்தது ஒரு மில் தொழிலாளியின் கால் புண்ணில் எடுத்த கிருமி. சர்க்கரை நோய்க்காரர். மருந்து கேட்காவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தட்டில் கிருமியைப் பூசி, அதன் மேல் மருந்து ஊறிய சின்ன வில்லைகளை வைப்பார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழும். எரித்ரோமைசினுக்கு வட்டமே இல்லை. கிளிண்டாமைசினுக்குப் பெரிய வட்டம். புதிதாக வந்த மேடம் கிளிண்டாமைசின் கேட்கும் என்று ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தார்.

முன்பிருந்த மேடம் அந்த இரண்டு வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைப்பார். இந்தத் தட்டில் அவை ஆளுக்கொரு ஓரத்தில் கிடந்தன. மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம்... அந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்ல?"

பில் போடும் பெண் சிரித்தாள். "அண்ணாச்சி வாயத் தொறந்துட்டாக, இன்னைக்கு மழைதான்!"

மேடம் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "ஆமாண்ணே, விட்டுட்டேன். திரும்ப வச்சா நாளைக்குத்தான் தெரியும். வெளிய இருக்கவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

வெளியே பெஞ்சில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த அந்த மில் தொழிலாளி எகிறினார். "இன்னும் ஒரு நாளா? ஏலே, என் கால் என்ன ஒன் பாட்டிலா, ஊற வச்சுக் கழுவ?"

"தப்பான மருந்து போட்டா காலு போயிரும் அண்ணாச்சி. ஒரு நாளு பொறுங்க." அவ்வளவு பேச்சு எனக்கு எங்கிருந்து வந்ததோ.

மறுநாள் தட்டை நானே எடுத்தேன். கிளிண்டாமைசின் வட்டம் எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும், தோசையை ஓரமாக வெட்டியதுபோல் சப்பையாக இருந்தது. மேஜை வரை கிட்டத்தட்ட ஓடினேன்.

மேடம் விளக்கினார். கிருமிக்குள் புரதம் செய்கிற இயந்திரம் ஒன்று உண்டு, ரைபோசோம். மருந்து அதில் உள்ள ஆர்.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தும். சில கிருமிகளிடம் ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. அது மருந்து உட்காரும் இடத்தில் மீத்தைல் என்ற சின்னத் துணுக்கை ஒட்டிவிடும். பிறகு இரண்டு மருந்துக்குமே இடம் கிடையாது. இந்தக் கிருமியில் அந்த நொதி தூங்கிக்கொண்டிருந்தது. எரித்ரோமைசின் பட்டதும் விழித்துக்கொண்டது. கிளிண்டாமைசினை நம்பிக் கொடுத்தால் அது பாதியில் கைவிட்டுவிடக்கூடும்.

ரிப்போர்ட் மாறியது. டாக்டர் வேறு மருந்து கொடுத்தார்.

சில வாரம் கழித்து அந்த மில்காரர் வந்தார். செருப்பைக் கழற்றி, பாதத்தை பெஞ்சின் மேல் தூக்கி வைத்தார்.

"அஞ்சு வெரலும் இருக்கா? எண்ணிக்கோ."

கூச்சப்படாமல் எண்ணினேன். அஞ்சும் இருந்தன.

"திங்கக்கிழமை ஷிப்டுக்குப் போறேன்" என்றவர், ராஜபாளையம் பஸ் நகர்வதைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எட்டிப் பிடித்து ஏறிவிட்டார்.