எல்லோருக்கும் ஒரே ஜெபராஜ்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில், துணி பின்னுகிற என் நிட்டிங் ஷெட் வாசலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. துணி உருளைகள் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் தயார். சாயம் போட டையிங் மிஷினும் தயார். ஆனால் லாரி கிளம்பக் கூடாது.

ஏன்? கம்ப்யூட்டரில் ஒரு ஒப்பந்தம் ஏறவில்லை!

புரியவில்லையா? எனக்கும்தான். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். படித்தது பத்தாவது. பேங்கில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால்கூட நாலு பேர் முன்னால் எழுந்து போகக் கூச்சப்படுகிற ஆள். அப்படிப்பட்டவனைத்தான் அன்று காலையில் துரைசாமி அண்ணன் போன் போட்டுக் கூப்பிட்டார்.

என் ஷெட்டில் ஓடுகிற துணியில் பெரும்பங்கு அவருக்குத்தான் போகிறது. என் ஷெட்டுக்கு எதிரே மாடியில் அவர் ஆபீஸ். குழந்தைகள் துணி ஏற்றுமதி செய்கிறார். இத்தனை காலம் ஏஜென்ட் மூலமாகத்தான் ஆர்டர். இப்போதுதான் முதல் தடவையாக, துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர் நேரடியாக ஆர்டர் கொடுத்திருக்கிறார் – ஒரு நிபந்தனையோடு. ஆர்கானிக் பருத்தித் துணி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பது அந்தந்த நேரத்திலேயே 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்'டில் பதிவாக வேண்டும்.

அதாவது, கம்ப்யூட்டரில் எழுதி வைக்கிற ஒப்பந்தம். நிட்டிங், டையிங், பின்னால் சுருங்காமலிருக்கத் துணியை அமுக்குகிற காம்பாக்டிங், தையல், பேக்கிங் என்று ஐந்து யூனிட். ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியாக ஒரு முகவரி – பேங்க் கணக்கு எண் மாதிரி. சரக்கை அனுப்பியதும் அவரவர் போனில் அவரவரே அமுக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் அமுக்க முடியாது. ஒரு தடவை ஏற்றிவிட்டால் அதற்கப்புறம் யாராலும் திருத்தவும் முடியாது. இந்த ஏற்றுகிற வேலைக்கு 'டிப்ளாய்' என்று பெயர்.

இதைக் கேட்டதுமே துரை அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவருடைய மருமகள் கிருத்திகாதான், "நான் எழுதித் தர்றேனுங்க மாமா" என்றாள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். அவள் வார்த்தையை நம்பித்தான் ஆர்டரை வாங்கினார்.

மாடிக்குப் போனேன். லேப்டாப் முன்னால் கிருத்திகா. அவளுக்குப் பின்னால் துரை அண்ணன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"வா ரத்தினம். காலைல இருந்து ஏறுது ஏறுதுங்குது. ஏறக் காணோம்."

"மாமா, நீங்க நடக்காம உக்காந்தீங்கன்னாவே பாதி ஏறிரும்" என்றாள் கிருத்திகா, திரும்பாமலே.

நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். மணி போய்க்கொண்டிருந்தது. சாயந்தரத்துக்குள் துணி வரவில்லை என்றால் டையிங் செல்வராஜ் வேறு பார்ட்டியின் துணியை மிஷினில் போட்டுவிடுவார். அப்புறம் கப்பல் தேதி போச்சு. சரி, ஒப்பந்தம் ஏறாமலே லாரியை விட்டால்? பதிவில்லாத துணியை ஆர்கானிக் என்று பையர் வாங்க மாட்டார். எப்படிப் பார்த்தாலும் ஆர்டர் போச்சு. துரை அண்ணனுக்கு ஆர்டர் இல்லை என்றால் என் மிஷின்களுக்கும் வேலை இல்லை.

முதலில் என்ன கோளாறு தெரியுமா? ஒத்திகை பார்க்க ஒரு நெட்வொர்க், நிஜத்துக்கு ஒரு நெட்வொர்க் என்று இரண்டு இருக்கிறதாம். ஒத்திகையில் இலவசக் காசு தருவார்கள். அதை வைத்து அவள் பத்துத் தடவை ஏற்றிப் பார்த்திருக்கிறாள், ஜம்மென்று ஏறியிருக்கிறது. நிஜ நெட்வொர்க்குக்கு வந்தால்... அவள் கணக்கில் ஒன்றுமே இல்லை! ஏற்றுவதற்குக் கட்டணம் உண்டு; ஒத்திகைக் காசு இங்கே செல்லாது. ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் கொஞ்சம் வாங்கிப் போட்டாள்.

அடுத்து, போட்ட கட்டணம் குறைவு. அதனால் பாதி வழியில் நின்றுவிட்டது. "இன்னொருக்கா அமுக்கு அம்மிணி" என்று துரை அண்ணன் அவசரப்படுத்த, அவளும் அமுக்கினாள். இரண்டாவது போய் முதலாவதுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டது. முன்னால் நிற்பது நகராமல் பின்னால் நிற்பது நகராதாம். கட்டணத்தைக் கூட்டி முதலாவதை மறுபடி அனுப்பினாள்.

போனது. போய்... திரும்பி வந்துவிட்டது. 'ரிவர்ட்' என்று சிவப்பில் ஒரே ஒரு வார்த்தை. கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஏன்னு சொல்லலியா?" என்றார் அண்ணன்.

"சொல்லலீங்க மாமா."

"இதென்ன நாயம்? கூலி வாங்கிக்கிட்டு வேலை செய்யலைன்னா, ஏன்னாச்சும் சொல்லோணுமல்ல?"

நியாயமான கேள்வி. யாரைப் போய்க் கேட்பது?

கிருத்திகா வரிவரியாகப் பார்த்தாள். எதையோ மாற்றி மறுபடி அனுப்பினாள். மறுபடி ரிவர்ட். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றால், இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'ரிவர்ட்'. அதை எப்படிச் சொல்வது?

திடீரென்று அவள், ஒப்பந்தத்துக்குள் போட்டிருந்த ஐந்து முகவரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் போட்டாள். எழுத்தும் எண்ணுமாக நீளநீளமாக இருந்தன. எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தன.

எல்லாம் ஒன்றேதான்!

"ஒரே முகவரி ரெண்டு தடவை வந்தா ஏறக் கூடாதுன்னு நான்தானுங்க எழுதியிருக்கேன். ஒத்திகைல நானா அஞ்சு முகவரி போட்டுப் பார்த்தேன், ஏறுச்சு. இது..." என்று என் பக்கம் திரும்பினாள். "சின்ன மாமா, உங்க முகவரியை யாருங்க போட்டுக் கொடுத்தது?"

"ஜெபராஜ்" என்றேன்.

"செல்வராஜ் அண்ணனோடது?"

"அதும் ஜெபராஜ்தான்" என்றார் துரை அண்ணன்.

ஜெபராஜ் யாரென்று சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். துரை அண்ணன் கம்பெனி சூப்பர்வைசர். ஆனால் போனில் செய்ய வேண்டியது எதுவாக இருந்தாலும், எங்கள் ஐந்து பேருக்கும் அவர்தான் செய்வார். இ-வே பில், பி.எஃப்., ஃபாஸ்டேக், கரன்ட் பில்... "ஜெபராஜ், பாத்துக்க" என்போம். ஓடிபி கூட அவர் நம்பருக்குத்தான் போகும். இந்த முகவரியையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார் – தன் போனில் ஒன்றைத் தயார் செய்து, ஐந்து பேர் பெயரிலும் அனுப்பிவிட்டார்.

கிருத்திகா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். "யாரும் யாரையும் நம்ப வேண்டாம்னுதானுங்க இதையே கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க அஞ்சு பேரும் ஒரே ஆளை நம்பியிருக்கீங்க."

ஆளுக்கொரு முகவரி, அவரவர் போனில் – அதுதான் வழி. சரி. ஆனால் இதை ஜெபராஜிடம் யார் சொல்வது? இத்தனை காலம் ஒரு தப்பும் செய்யாத மனுஷனிடம், இனி உன் கையில் வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படாதா?

"ரத்தினம், நீ போய்ச் சொல்லு" என்றார் துரை அண்ணன். "நாஞ் சொன்னா அதட்டற மாதிரி இருக்கும். உன்ற வாயில வந்தா ஆருக்கும் கோவம் வராது."

என் வாயில் எதுவுமே வராது என்பது அவருக்குத் தெரியாதா?

கீழே போனேன். லாரி ஓரமாக நின்று, அதே சரக்குக்கு இ-வே பில் போட்டுக்கொண்டிருந்தார் ஜெபராஜ்.

"டீ குடிச்சாச்சா?" என்றேன்.

"ஆச்சு அண்ணாச்சி."

"பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?"

"அது போன மாசமே முடிஞ்சுட்டுல்லா."

அவர் போன் சிணுங்கியது. யாருக்கோ ஓடிபி. அவர் அதைக் கூப்பிட்டுச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று. நான் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, ஏதோ சொல்ல வந்துட்டு நிக்கீங்க?"

"அது... அந்த முகவரி... ஆளுக்கு ஒண்ணு இருந்தாத்தான் ஆகும்னு அம்மிணி சொல்லுது. அவங்கவங்க போன்ல... நீ தப்பா நெனச்சுக்காத..."

ஜெபராஜ் போனிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்போ அதுக்கு ஓடிபி எதுவும் என் போனுக்கு வராதுல்லா?"

"வராது."

"நெசமாவா சொல்லுதீங்க?"

அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்!

"அண்ணாச்சி, எத்தன நாளா நான் யார்ட்ட சொல்லன்னு இருந்தேன். என் தங்கச்சி கல்யாணத்துல, கோயில்ல மோதிரம் மாத்துத நேரம், செல்வராஜ் அண்ணாச்சிக்கு ஓடிபி. வெளிய ஓடிப்போய்ச் சொல்லிட்டு வாரேன், கல்யாணம் முடிஞ்சுட்டு. குளிக்கப் போனாக்கூட போன பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டு போறேன். உங்க பணம், உங்க பாஸ்வேர்டு, எல்லாம் என் கையில. நான் எங்கயாவது தொலைச்சுட்டா என்ன செய்ய? முடியாதுன்னு சொல்லவும் பயமா இருந்துச்சு."

நாங்கள் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்ததை, அவர் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். சொல்லக் கூச்சப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் மாடியில் ஐந்து யூனிட்காரர்களும் கூடினோம். ஜெபராஜ் சொன்னதைக் கேட்டதும், மற்ற ஓடிபிகளும் இனி அவரவர் நம்பருக்கே என்று முடிவாயிற்று. கிருத்திகா ஒவ்வொருவர் போனிலும் முகவரியைத் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தாள். ஆளுக்குப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வந்தன. அவைதான் சாவியாம். தொலைத்தால் கடவுளாலும் திறக்க முடியாதாம்.

"ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க. ஊட்டுல கூட" என்றாள்.

"ஊட்டுல கூடவா?" என்றார் டையிங் செல்வராஜ். "ஏனுங் அம்மிணி, அப்ப நான் போய்ச் சேந்துட்டா?"

"நீங்க போனா உங்க துணியும் சாயம் போயிரும்" என்றார் காம்பாக்டிங் தங்கமணி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

கிருத்திகா மறுபடி அனுப்பினாள். துரை அண்ணன் இந்தத் தடவை உட்கார்ந்தே இருந்தார். சுற்றிக்கொண்டே இருந்த வட்டம் நின்றது. பச்சை!

"ஏறிருச்சுங்க மாமா!"

"நான் உக்காந்தேனல்ல" என்றார் அண்ணன்.

முதல் பதிவு நிட்டிங். அதாவது நான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அமுக்கினேன். லாரி கிளம்பியது. வெளிச்சம் இருக்கும்போதே டையிங்குக்குள் போய்விட்டது.

என் போனிலும் பச்சை வந்திருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் சந்தேகம். நிஜமாகவே போயிருக்குமா? பச்சை வந்தால் போதுமா? இன்னும் எதையாவது அமுக்க வேண்டுமா? கிருத்திகாவைக் கேட்கக் கூச்சம். கை தானாக ஜெபராஜ் நம்பரைப் போட்டது.

முழுதாக அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

பிறகு அவரே கூப்பிட்டார்.

"குளிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி!"